ஜான் ஆபிரகாம்: பார்க்கப்படாத படங்களின் புகழ்

ஜான் ஆபிரகாம் (1937–1987) மலையாளத்திலும் தமிழிலும் படங்களை இயக்கியவர். புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணவர். நான்கு முழுநீளப் படங்கள் எடுத்தார். அவற்றில் தமிழ்ப்படம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) மட்டுமே. அது சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களிடம் ஜானுக்குரிய இடத்தை உருவாக்கியது அந்தப் படம் அல்ல. தாடி, குடி, காசில்லாத அலைச்சல், கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து நேர்ந்த மரணம் ஆகியவை சேர்ந்த ஒரு பிம்பமே அதை உருவாக்கியது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் இந்தப் பிம்பத்துக்கு ஈர்ப்பு மிகுதி. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அடுத்தடுத்து இருப்பவை. மலைக்கு அந்தப்பக்கம் கேரளம். எனினும் அங்கிருந்து வந்து சேர்ந்தது படம் அல்ல, படத்தைப் பற்றிய பேச்சு. ஜானின் படங்கள் பெரும்பாலும் திரைப்படச் சங்கங்கள் வழியாகவே புழங்கின. 1989-ல் தூர்தர்ஷன் அறிவித்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. பார்க்கக் கிடைக்காத படத்தின் இயக்குநரை வியப்பது எளிது. அந்த வியப்பைச் சோதித்துப் பார்க்க ரசிகரின் கையில் ஒன்றும் இல்லை.

இது இங்கு மட்டும் நிகழ்ந்ததல்ல. 1960களில் நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோலின் ‘ஃபாக்டரி’ கலைக்கூடம் எடீ செட்ஜ்விக் போன்ற மாற்றுசினிமா நட்சத்திரங்களை உருவாக்கியது. பின்னர் வார்ஹோல் தன் படங்களைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். முகங்கள் எஞ்சின. ஆனால் வார்ஹோல் நட்சத்திரங்களைத் திட்டமிட்டே உருவாக்கினார். ஜான் செய்தது நேரெதிரானது. ஒடேசா என்ற கூட்டமைப்பின் வழியாக ஊர் ஊராக மக்களிடம் சிறுதொகைகள் திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுக்கப்பட்டது. இறந்துபோன இளைஞனின் தாய்க்குச் செய்தி சொல்ல ஒருவன் கிளம்புகிறான். வழியில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். தனியன் கூட்டத்தில் கரைவதே படத்தின் வடிவம். அதை எடுத்தவரையே தனித்த நாயகனாக ஆக்கிவிட்டார்கள்.

வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ இந்த மனநிலையைப் பற்றிய படம் என்றே சொல்லலாம். பேராசிரியர் நாராயணசாமி தாயிழந்த கழுதைக்குட்டியைத் தன் அக்ரஹாரத்துக்குக் கொண்டுசெல்கிறார். வாய்பேசாத உமா அதைப் பராமரிக்கிறாள். ஊரார் அதை அடித்துக் கொல்கிறார்கள். பின்னர் நடக்கும் நல்லவற்றுக்கெல்லாம் இறந்த கழுதையின் அருளே காரணம் என்று நம்பி, கோயில் கட்ட முனைகிறார்கள். தலபுராணங்கள் கேட்டு வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகருக்கு ஒரு கதை எப்படித் திரளும் என்பது தெரிந்த விஷயம்தான். ஜானைப் பற்றிய நினைவுக்கட்டுரைகள் பலவும் அவ்வகைத் தலபுராணங்களே. உயிரோடிருக்கையில் படமெடுக்கப் பணம் கிடைக்காதவருக்கு, இறந்தபின் அற்புதக் கதைகள் கிடைத்தன.

படம் குறையற்றது அல்ல. அக்ரஹாரத்து மனிதர்கள் பெரும்பாலும் வகைமாதிரிகள். கல்லூரிக் காட்சிகளின் அங்கதம் மேலோட்டமானது. நாராயணசாமியாக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தொழில்முறை நடிகர் அல்லாத அவருடைய தயக்கம் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. படத்தின் உச்சம் அதன் இறுதிப்பகுதி. கழுதையின் மண்டையோட்டோடு தொடங்கும் சடங்கு நெருப்பாகப் பரவி அக்ரஹாரத்தையே எரிக்கும்போது, அதுவரை அங்கதமாக இருந்த படம் தொன்மமாகிறது. ஜானின் குடியைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்தக் காட்சியைப் பற்றித் தமிழில் எழுதப்படவில்லை. படம் இன்று இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது.