காயல் குதிரைகள் மேடைக்கு வரும்போது: மாணவர் உரையை எப்படி ரசிப்பது

தூத்துக்குடி வட்டாரத்துப் பள்ளி மாணவர்கள் போட்டி மேடைக்குக் குதிரையைப் பொருளாக எடுத்தால், சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. திருச்செந்தூர் சாலையில் இருக்கும் பழையகாயல், 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியருக்குக் குதிரை வந்து இறங்கிய துறை. தாமிரபரணியின் வண்டல் துறையைத் தூர்த்துவிட, கடல் இன்று ஊரைவிட்டுச் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்ட கால்டுவெல் இங்கே ஆராய்ந்து பார்த்தபோது சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் கிடைத்தன. முத்து ஏற்றுமதியான அதே கரையில்தான் குதிரை இறக்குமதியானது.

இந்தப் பொருளுக்கு இரண்டு வகை மேடைகள் உண்டு. பள்ளி ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியில் குரலும் மொழியும் முன்னே நிற்கும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்றவற்றில், 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தங்கள் ஊரை ஆராய்ந்து அதன் முடிவைச் சொல்ல வேண்டும். எந்த மேடையானாலும் தொடக்கத்தைக் கவனிப்பது நல்லது. குதிரையின் கம்பீரத்தைப் புகழ்ந்து தொடங்கும் உரை எந்த ஊர் மேடைக்கும் பொருந்திவிடும். பழையகாயலில் தொடங்கும் உரைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது.

அடுத்து, எண்கள். இங்கேதான் மாணவரின் உழைப்பு வெளிப்படும். பாண்டிய அரசர் ஒருவரும் அவருடைய நான்கு சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கியதாக மார்க்கோ போலோ சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசஃப், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு செய்துகொண்டதையும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்பதையும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதையும் பதிவு செய்கிறார். இவற்றை ஒப்பிப்பது எளிது. 1,400-ஐ 220-ஆல் பெருக்கி 3,08,000 தினார் என்று சபைக்குக் காட்டும் மாணவி ஒரு படி மேலே போகிறாள். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. முந்தைய காலத்தில் மாபார் (பாண்டிய நாட்டுக் கரை), காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின, மொத்த விலை 22,00,000 தினார் என்றும் வாசஃப் எழுதுகிறார். அது அதே 220-ஆல் பெருக்கி வந்த தொகை. துறையில் எண்ணிய கணக்கா, எழுதுமேசையில் போட்ட கணக்கா என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டால், கைதட்ட வேண்டிய இடம் அதுதான்.

இன்னும் அழகான பகுதி விலங்கின் உடலைப் பற்றியது. வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று போலோ எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாததே காரணம் என்பது அவர் கருத்து. இறைச்சியோடு சமைத்த சோற்றைத் தீனியாகக் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். பல உரைகள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடும். நல்ல உரை, குதிரையின் வயிற்றுக்குள் போகும். குதிரைக்கு இரைப்பை சிறிது. புல்லின் நார் பெருங்குடல் பகுதியில்தான் நொதித்துச் செரிக்கிறது. மாவுச்சத்து அளவு மீறி அங்கே போனால் அமிலம் பெருகும். கடும் வயிற்றுவலி வரும். குளம்புக்குள் அழற்சி உண்டாகிக் குதிரை நிற்க முடியாமல் போகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இந்தச் செய்திகளைப் போலோவின் வரியோடு சேர்த்து வைக்கும்போது, ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு குறிப்பு கண்முன் உயிர்பெறுகிறது. இப்பகுதி சரியாக அமைய, மாணவர்கள் இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கேட்டறிந்திருக்கிறார்களா என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

கப்பல் பயணமும் இப்படித்தான். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் என்று கொண்டால், நூறு குதிரைகளுக்கு ஒரு மாதத்துக்கு 90,000 லிட்டர் வேண்டும். இந்த ஒரு கணக்கு போதும், அந்தக் கடல்வழி எவ்வளவு கடினமானது என்பதை உணர்த்த.

மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போய் நரிகள் பரியான கதையை ஏறக்குறைய எல்லா மாணவரும் சொல்வார்கள். சொல்லட்டும். கடல்வழி வந்த குதிரைக்குப் பாண்டிய நாட்டில் இருந்த மதிப்பு அதில் தெரிகிறது. ஆனால் புராணத்தைப் புராணமாகவும் ஆவணத்தை ஆவணமாகவும் பிரித்துச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஊர் எல்லையில் ஐயனாருக்கு நிற்கும் மண்குதிரையின் படத்தைக் காட்டினால், கால், கழுத்து, சேணம், மணிமாலை எனக் குயவர் எதைப் பெரிதாக்கினார் என்று சுட்டிக்காட்டும் விரலைக் கவனிக்கலாம். படத்தை ஒட்டிவிட்டுப் பேசாமல் கடந்துபோகும் சார்ட் வெறும் அலங்காரம்.

பேச்சின் வேகத்தில் மனப்பாடம் தெரியும். பெரியவர் எழுதிக்கொடுத்த உரையில் அடுக்குமொழி தடையின்றி ஓடும். சொந்தமாகத் தயாரித்த உரை, கடினமான இடத்தில் கொஞ்சம் நிதானிக்கும்; அந்த நிதானத்தைத் தடுமாற்றம் என்று எண்ணி மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

கடைசியில் வரும் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு எழுந்துபோகக் கூடாது. உரையில் சொல்லாமல் விட்டதைக் கேட்பதுதான் நல்ல கேள்வி. இந்நாட்டில் பிறந்த குட்டிகள் கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போயின என்கிறார் போலோ. ஏன் அப்படி என்று நடுவர் கேட்கலாம். தவிடும் தானியமும் மிகுந்த தீனியில் பாஸ்பரஸ் கூடிச் சுண்ணாம்புச் சத்து குறையும், அதனால் எலும்பு வலுவிழக்கும், இது பொருந்தக்கூடிய விளக்கம், ஆனால் அந்தக் குட்டிகளின் எலும்பு எதையும் ஆராய்ந்து சொல்லவில்லை என்று மாணவர் பதிலளித்தால், முதல் பரிசை அவருக்கே கொடுக்கலாம்.