பகலிற் படுக்கை: 'ஒப்லோமொவ்' கூறும் உண்மை

பகலெல்லாம் படுக்கையிற் கிடப்பவனைக் கண்டால், 'சோம்பேறி' என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்புச் சரிதானா என்று ஆராய உருசிய நாவல் ஒன்று துணைபுரிகின்றது. இவான் கொன்சரோவ் எழுதி 1859-இல் வெளிவந்த 'ஒப்லோமொவ்' என்பதே அது.

கதைத்தலைவன் ஒப்லோமொவ் 350 பண்ணையடிமைகளை உடைய நிலக்கிழான். பீட்டர்ஸ்பர்க் நகரில் தொளதொளத்த மேலங்கியோடு படுக்கையே கதியாகக் கிடக்கின்றான். பண்ணை வருவாய் குறைந்ததென்று ஊரிலிருந்து கடிதம். வீட்டைக் காலி செய்யுமாறு வற்புறுத்தல். எழுந்தால் இவ்விரண்டிற்கும் விடை காணவேண்டும். ஆகவே அவன் எழவில்லை. முதற்பகுதி முழுவதும் கதை நகரவில்லையே என்று சிலர் குறை கூறலாம். அந்தத் தேக்கத்தை நாமும் உணரவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்துப் போலும்.

அடிமை முறையே இந்நோய்க்கு வேர் என்று திறனாய்வாளர் டோப்ரொலியூபொவ் அவ்வாண்டிலேயே எழுதினார். நம் வள்ளுவரும் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், துயில் ஆகிய நான்கையும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலம் என்றார். இரண்டும் மெய்யே. ஆயினும், அடிமை முறை 1861-இல் ஒழிந்தது. படுக்கையில் ஒளிவோர் ஒழிந்தாரல்லர்.

நாவலிலேயே வேறொரு காரணம் உண்டு. ஒப்லோமொவ் முன்னர் அரசு அலுவல் பார்த்தவன். அஸ்திரகானுக்குச் செல்லவேண்டிய முக்கியத் தாளைத் தவறுதலாக அர்க்கேஞ்சலுக்கு அனுப்பிவிட்டான். மேலதிகாரியின் சிறு கண்டிப்போடு முடிந்திருக்கும். ஆனால் அவன் மனமே அவனைக் கடுமையாகத் தண்டித்தது. வீட்டில் ஒடுங்கினான், மருத்துவச் சான்று அனுப்பினான், வேலையையும் விட்டான். ஓல்காவின் அன்பு ஒரு கோடைகாலம் அவனை எழுப்பி நடமாட வைத்தது. திருமணக் கவலைகள் சூழ்ந்ததும் மீண்டும் ஒடுங்கினான். அஞ்சியதை விட்டு ஒளியுந்தோறும் அச்சம் வளரும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

பல்லாண்டுகட்கு முன், பள்ளிக்கு வாராத மாணவன் ஒருவனைத் தேடி அவனது லயத்து வீட்டிற்குச் சென்றேன். பகலிலும் போர்த்திப் படுத்திருக்கிறான் என்றார், பால்மரம் வெட்டும் அவன் தாய். 'சோம்பல்' என்று பதிவேட்டிற் குறித்தேன். கணக்கிற் தோற்றதைத் தந்தையிடம் சொல்ல அஞ்சியே அவன் படுத்திருந்தான் என்று பின்னரே அறிந்தேன். அச்சொல்லை எழுதிய கை இன்றும் கூசுகின்றது.

ஆசிரிய நண்பர்களே! 'எழு' என்று அதட்டுமுன், அவன் பிரிக்க அஞ்சும் கடிதம் யாதென்று கேட்போமாக. உடனிருந்து அதனைப் பிரித்துப் படிப்பதும் நம் கடனன்றோ?