சிறுகதையில் களத்தின் பணி

சிறுகதையைக் கற்பிக்கும்போது கருவையும் பாத்திரத்தையும் நடையையும் விரித்துரைக்கும் நாம், களத்தை மட்டும் ஒரே வரியில் கூறி முடித்துவிடுகிறோம். 'இக்கதை ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நிகழ்கிறது' என்று மாணவன் எழுதினால் அவனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. தோட்டத்தில் நிகழ்ந்ததனால் அக்கதைக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பார் அரியர். அக்கேள்வியையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

இது மேனாட்டுத் திறனாய்வு நமக்குக் கற்றுத்தந்த புதுக் கேள்வியன்று. முதல், கரு, உரி என மூன்று கூறிய தொல்காப்பியர், நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். பாட்டில் பயிலுங்கால் அம்மூன்றும் ஒன்றினும் ஒன்று முறையே சிறந்தன என்றும் வகுத்தார். எனவே மாந்தரின் உள்ளத்து ஒழுக்கமாகிய உரிப்பொருளே தலைமையானது. நிலமும் பொழுதும் அதற்கு இடந்தருவன. ஆனால் இடந்தருவது வேறு, வெறும் திரைச்சீலையாகத் தொங்குவது வேறு. இவ்வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கதையை அதன் ஊரிலிருந்து பெயர்த்து வேறோர் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லையாயின், அங்கே களம் பணி செய்யவில்லை என்பது பொருள்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சென்னை நகரின் தெருமுனையில் தொடங்குகிறது. கைக்காசை டிராமுக்குக் கொடுப்பதா காப்பிக்குக் கொடுப்பதா என்று எண்ணி நிற்கும் மனிதரிடம் கடவுள் வந்து சேர்கிறார். அவரை ஒரு சிற்றூருக்கு அனுப்பினால் கோயிலும் பூசையும் குறுக்கிடும், கதை புராணமாகிவிடும். யாரும் யாரையும் ஏறெடுத்துப் பாராத நகரத்தில்தான் கடவுளும் மற்றுமொரு வழிப்போக்கராக நடமாட முடிகிறது. ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யிலோ களம் இரண்டு. இளம் விதவையான பேத்தி ஆசிரியையாகப் பணியாற்றுவது நெய்வேலியில். பெற்றோர் வாழ்வது கடலூரில். பழுப்பு நிலக்கரிக்காக எழுந்த புதுநகரில் எந்தத் தெருவுக்கும் முன்னோர் இல்லை. மறுமணம் என்ற எண்ணம் அங்கே வேர்விட இடமிருக்கிறது. அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே பயணம் செய்யும் பாட்டிதான் கதையின் உயிர். இரண்டையும் ஓரூராக்கினால், அவள் கடக்க வேண்டிய தொலைவு கதையில் இல்லாமற் போய்விடும்.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, கோலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனப் போற்றப்படும் மரம் இவ்வூர் நில அலுவலகத்தருகே பாதுகாக்கப்படுகிறது. பிரேசில் நாட்டு மரம், ஆங்கிலேயர் முதல், தமிழர் கை ஆகிய மூன்றும் சேர்ந்தே தோட்டம் என்னும் நிலம் உண்டாயிற்று. அந்நிலம் ஆங்கிலக் கதைகளில் எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். சாமர்செட் மாமின் 'கடிதம்' என்னும் கதை, 1926இல் வெளிவந்த அவருடைய தொகுதியில் உள்ளது. தோட்டத்துரையின் மனைவி ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறாள். கணவன் வெளியூர் சென்ற இரவு, தனித்த பங்களா, அதில் தனித்த பெண்: இத்தனிமையே அவள் சொல்லும் காரணத்தை நம்பச் செய்கிறது. ஆகவே களம் அங்கே திறம்படப் பணி செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அந்தத் தனிமை யாருடைய தனிமை? தோட்டமென்றால் பால் வெட்டுவோரும் அவர்தம் குடும்பங்களும் இருந்தே தீர்வர். அவர்களை மனிதராக எண்ணாதபோதுதான் பங்களா தனித்து நிற்கும்!

இதனோடு, மணிக்கொடியில் 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை ஒப்பிடுக. அது இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதை; ஆயினும் நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியில் தொடங்குகிறது. மருதி என்பவள் தோட்டத்துக்கு வரும் முன்னரே அவளை விரட்டிய வறுமையையும் சாதிக் கொடுமையையும் நாம் கண்டுவிடுகிறோம். மாம் தோட்டத்தைப் பங்களாவின் விறாந்தையிலிருந்து காட்டினார். புதுமைப்பித்தனோ மருதி நடந்து வந்த வழியிலிருந்து காட்டினார். எங்கிருந்து பார்ப்பது என்பதும் களத்தைச் சேர்ந்ததே என்பதற்கு இவ்விரு கதைகளும் போதிய சான்று.

மலாயாத் தமிழ்ச் சிறுகதை இக்கலையைப் பயின்ற காலம் ஒன்றுண்டு. 1950, 51 ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பு பல இளைஞரை எழுத வைத்தது. அடுத்து 1952 முதல் 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இங்குள்ள எழுத்தாளர்களுக்கு இலக்கியத் துணையாக விளங்கினார். கரிசல் மண்ணில் காலூன்றி எழுதியவர் அவர். அந்நாள் தொட்டுத் தோட்டக் கதைகள் பல எழுந்தன. அவற்றை மதிப்பிடும்போது இரு குறைகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, தஞ்சைக் கதைக்கு ஈப்போ என்று பெயர் சூட்டிவிடுதல். மற்றொன்று, லயம், பெரட்டு, மங்கு, கங்காணி, கிராணி என்று சொற்களை அடுக்கியதும் களம் அமைந்துவிட்டதாகக் கருதுதல். முன்னதில் நிலம் இல்லை. பின்னதில் நிலம் இருந்தும் அது வேலை செய்வதில்லை.

நிலம் வேலை செய்வது எங்ஙனம்? மழையை எடுத்துக்கொள்வோம். காவிரிக் கரைக் கதையில் விடியலில் பெய்யும் மழை உழவன் நெஞ்சைக் குளிர்விக்கும். தோட்டத்திலோ பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டு நின்றால் அன்றைய கூலிக்குக் கேடு. அதே மழையோசையைக் கேட்டு லயத்துத் தாய் திடுக்கிட்டு எழுகிறாள். ஆண்டு தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்ப்பது காண்பார்க்கு அழகாக இருக்கலாம். பால் குறையும் அந்நாட்களில் அடுப்பங்கரையில் கணக்கு வேறு. மழையும் இலையும் இவ்வாறு பொருள் மாறும் இடத்தில்தான் களம் கதையின் உறுப்பாகிறது.

பொழுதும் அத்தகையதே. 1948 சூன் 16இல், கோலா கங்சாரை அடுத்த சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. லயங்கள் பல முள்வேலிக்குள் அடங்கின. மருத்துவச்சியை அழைத்துவர இரவில் ஒருவன் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1938இல் அது ஒரு கணவனின் கவலை. 1950இல், ஊரடங்கு நேரத்தில், அதுவே உயிரைப் பணயம் வைக்கும் செயல். உரிப்பொருள் ஒன்றே, பொழுது அதன் எடையை மாற்றிவிட்டது.

உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்ற விதி நம் இலக்கணத்தில் உண்டு. மாரியம்மன் கோயிலும் ரப்பர் மரமும், கம்பத்துச் சந்தையும் காவடியும் ஒரே கதையில் கலப்பதை அஞ்ச வேண்டியதில்லை. அம்மயக்கமே இந்நிலத்தின் இயல்பு.

இன்று இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் பின்னரும் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. லயத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். நம் வகுப்பில் அமரும் மாணவர் பலர் பால் வெட்டும் உளியைக் கண்டதில்லை. அவர்களுக்கு மங்கு என்பது அகராதிச் சொல். பெரட்டு என்பது அடிக்குறிப்பு. நிலம் கண்முன் இருந்த தலைமுறைக்குக் களத்தைத் தனியே விளக்கத் தேவையிருக்கவில்லை. நிலம் மறைந்த பின் கதையே நிலமாகிறது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் தோட்டக் கதை ஒன்றை எடுத்தவுடன், அது எங்கே நிகழ்கிறது என்பதோடு நில்லாமல், வேறெங்கும் அது ஏன் நிகழாது என்று மாணவரைக் கேட்பாராக. விடை சொல்ல முற்படும் மாணவன் வெட்டு நேரத்தையும் கூலியையும் மழையையும் தேடி அறிய வேண்டியிருக்கும். தன் பாட்டனிடமும் பாட்டியிடமும் அவன் போய்க் கேட்கக்கூடும். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்கச் செய்வது நம் கடமை.