மாண்டலின் ஸ்ரீநிவாஸ்: ஸ்பீடு மட்டும்தானா?

யு. ஸ்ரீநிவாஸ் பற்றிப் பேச்சு வந்தாலே "என்ன ஸ்பீடு!" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாண்டலினில் வேகம்கூட வந்துடும்ங்க, ஸ்வரத்தை நிறுத்தி அசைப்பதுதான் கஷ்டம்.

வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. மீட்டினால் நாதம் சட்டென்று அடங்கிவிடும். இத்தாலிய பாணியில் ட்ரெமலோ, அதாவது விடாமல் மேலும் கீழும் மீட்டி ஸ்வரத்தை நீட்டுவார்கள். பில் மன்றோ அந்தக் குறையையே தாளமாக்கினார்: கார்டை அடித்தவுடனே அமுக்கிவிடும் 'சாப்'. ப்ளூகிராஸில் டிரம்ஸ் வேலையை அதுதான் பார்க்கிறது.

கமகத்துக்கு இரண்டுமே உதவாது. என் எட்டுக் கம்பி மாண்டலினில் தோடி காந்தாரத்தை அசைத்துப் பார்த்திருக்கிறேன். ஜோடிக் கம்பிகள் ஒரே அளவு இழுபடாமல் ஆளுக்கொரு சுருதியில் நின்றன. (வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.)

ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். ஒற்றைக் கம்பி என்பதால் தாராளமாக இழுக்கலாம். ஆம்ப்ளிஃபயரில் நாதமும் நிற்கும். ஆனா கருவி பாதிதான். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் தேடி எடுப்பான். செம்பையின் சீடர் பாடியது அது. அதனால்தான் அவருடைய ஆலாபனையில் ஃப்ரெட் இருப்பதே மறந்துபோகிறது.

'ரிமெம்பர் சக்தி'யில் மெக்லாஃப்லினோடு மாறி மாறிப் பறக்கும் இடங்கள் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். கைதட்டல் என்னவோ அங்கேதான் அதிகம்.