மேனேஜர் ஆக்கியது யார்?

2025 ஜூலைக் கடைசியில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, வேலையை விட்டு அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமல்ல, திறன் பொருந்தாமைதான் காரணம் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் விளக்கினார். அந்த விளக்கம் சிறுசேரியிலிருந்து மகேந்திரா சிட்டி வரை உடனே வேதவாக்காகிவிட்டது. "அப்டேட் பண்ணிக்கலைன்னா அப்படித்தான்." முதலாளி சொன்னால் புரிகிறது. பக்கத்து சீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். அடுத்த பட்டியலில் தன் பெயர் இருக்காது என்று நம்ப அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமே.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு இந்த வட்டாரத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் செங்கல்பட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிவில் படித்தவரையும் மெக்கானிக்கல் படித்தவரையும் சில மாதப் பயிற்சியில் கோடு எழுத வைத்து, வீட்டின் முதல் பட்டதாரியை மாதச் சம்பளக்காரராக்கிய துறை இது. அப்பாவின் கடன் அடைந்தது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, ஊரில் மாடி வீடு எழுந்தது. அதையெல்லாம் குறைத்துப் பேச மாட்டேன். கல்லூரி வளாகத்திலேயே கும்பலாக ஆள் எடுப்பதைக் கேலி செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

என் சண்டை பதவி உயர்வோடு. இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்டபாடில்லை.

நம் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பது மென்பொருளை அல்ல, ஆள்மணி நேரத்தை. இத்தனை தலை, இத்தனை மணி, இத்தனை டாலர். பதினைந்து வருட அனுபவத்தோடு கோடு எழுதுபவருக்கும் மூன்று வருடக்காரருக்கும் வாடிக்கையாளர் தரும் விலையில் பெரிய வித்தியாசம் இராது. சம்பளத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே லாபம் ஃப்ரெஷரிடம்தான். மூத்தவர் கட்டுப்படியாக வேண்டுமென்றால் அவருக்குக் கீழே பத்து ஃப்ரெஷர்களை உட்கார வைக்க வேண்டும். பிரமிடு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மேலே போக ஒரே வழி, கீபோர்டைக் கீழே வைப்பது.

நன்றாகக் கோடு எழுதும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடத்தில் டீம் லீட், பத்துக்கு மேல் போனால் மேனேஜர். அதன்பின் அவன் வெள்ளிக்கிழமை எப்படிக் கழிகிறது? காலையில் எக்செல்லில் யார் எந்த பிராஜெக்டில் எத்தனை சதவீதம் என்று அலோகேஷன் ஷீட். மதியம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். ஆம்பராக இருப்பதைப் பச்சையாக்க முடியுமா என்று ஒரு கால். சாயங்காலம் டைம்ஷீட் போடாதவர்களுக்கு மூன்றாவது நினைவூட்டல். இரவு எட்டரைக்கு கிளையன்ட் கால். இப்படிப் பத்து வருடம் போன பிறகு ஒருநாள் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கு கோடிங் டச் இல்லையே" என்கிறார்கள். விட்டுப்போகச் சொன்னவர்களே கேட்கிறார்கள்!

அவர்களே ஆசைப்பட்டுத்தானே போனார்கள் என்பது பதில். ஆசைப்பட்டார்கள்தான். "இன்னும் டெவலப்பராவா இருக்கீங்க மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் சம்பளத்தை அந்த ஒரு ஏணியில் மட்டும் வைத்தது மாமனார் அல்ல. டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட் என்று தனிப்படி உண்டே என்பார்கள். உண்டு, நான் பார்த்த ஆர்க்கிடெக்ட்டுகளில் பலர் வரைவது பவர்பாயின்ட்தான். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், கூகுளில் கோ மொழியை வடிவமைக்க உட்கார்ந்தபோது அறுபதைக் கடந்திருந்தார். ஓ.எம்.ஆரில் அந்த வயதுக்காரர் கோடு எழுத வேலை கேட்டு வந்தால் செக்யூரிட்டி கேட்டைத் தாண்டுவாரா?

பதவி உயர்வு பறிப்பது கோடை மட்டுமல்ல. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் சரி, அதன் இடத்தில் வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் சரி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் 'தொழிலாளி' அல்ல. மேனேஜர் என்ற அட்டை கழுத்தில் ஏறியதும், பணிநீக்கத்தை எதிர்த்துப் போராட இருந்த சட்டப் பிடியும் தளர்ந்துவிடுகிறது. இனிப்பு வாங்கிக் கொடுக்கும் அன்று இதை யாரும் சொல்வதில்லை.

இந்த ஆட்குறைப்பைப் புதுக்கதை என்பவர்கள் 2014-ஐ மறந்துவிட்டார்கள். அந்த வருடக் கடைசியிலும் இதே நிறுவனத்தில் நடுநிலை ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அன்றைக்குச் சொன்ன காரணம் செயல்திறன் போதாமை. சாட்ஜிபிடி அப்போது பிறக்கவே இல்லை. காரணத்தின் பெயர் மாறியிருக்கிறது. வெட்டு விழும் இடம் பிரமிடின் அதே நடுப்பகுதிதான்.

இப்போது இயந்திரம் கோடு எழுதுகிறது என்கிறார்கள். எழுதட்டும். மாமல்லபுரம் சிற்பக்கூடங்களுக்குப் போனால் கட்டரும் கிரைண்டரும் காதைப் பிளக்கின்றன. கல்லைப் புடைத்தெடுக்கும் முரட்டு வேலையில் பாதி மெஷினுக்குப் போய்விட்டது. ஆனால் முகம் பிடிப்பதும் கண் திறப்பதும் இன்றும் மூத்த ஸ்தபதியின் உளிதான், ஏனென்றால் அவரை யாரும் ஐம்பது வயதில் உளியை வைத்துவிட்டு வருகைப் பதிவேடு பார்க்கச் சொல்லவில்லை. நம் பிரமிடிலோ, மெஷின் வந்து தின்பது ஃப்ரெஷரின் முரட்டு வேலையை. மெஷின் எழுதியது சரியா, நாளை ஒரு வங்கியின் கணக்கைக் குழப்புமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மூத்தவர். அவர் கடைசியாக ஒரு பிழையைத் தானே தேடிப் பிடித்துப் பல வருடமாகிறது. ஃப்ரெஷரைக் குறைத்துவிட்டால் அடுத்த மூத்தவர் எங்கிருந்து வருவார் என்பதற்கும் பதிலில்லை.

அதே 2025-இல், ஆட்குறைப்பு அறிவிப்புக்கு முந்தைய ஜூனில், டி.சி.எஸ். ஒரு விதி கொண்டுவந்தது: வருடத்தில் 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது. பில்லிங் மட்டுமே அளவுகோல் என்றால் புதிதாகக் கற்க நேரம் எது? கேப்பில் கேளம்பாக்கம் போய்ச் சேரும் நேரத்திலா? அப்ஸ்கில்லிங் என்பது ஊழியர் தன் தூக்கத்தை அடகு வைத்துச் செய்யும் வேலையாகிவிட்டது.

எனவே திறன் இல்லை என்று ஒருவரை அனுப்பும் நிறுவனம், அவர் கோடு எழுதுவதை எந்த ஆண்டு, யாருடைய உத்தரவால் நிறுத்தினார் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். அப்ரைசல் கோப்பில் அந்தத் தேதி நிச்சயம் இருக்கும்.