ஆர்கனும் இசைத்தட்டும்

ஷார்ல் மாரி விடோர் என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1870-ம் வருஷம் ஜனவரி மாதம் பாரிஸில் ஒரு தாற்காலிக உத்தியோகம் கிடைத்தது. ஸான் ஸுல்பீஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை. ஒரு வருஷத்துக்குத்தான் என்று பேச்சு. வருஷம் முடிந்தபோது வேலையை ஊர்ஜிதம் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. போகச் சொல்லவும் தோன்றவில்லை என்பார்கள். 1933-ம் வருஷக் கடைசி வரையில், ஏறக்குறைய 64 வருஷம், அந்தத் தாற்காலிக ஆசனத்திலேயே உட்கார்ந்து வாசித்துவிட்டு, பிறகு தாமாகவே எழுந்து போனார். காரியாலயங்களில் தாற்காலிகமாக இருந்து தவிக்கிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் தெம்பு கொடுக்கலாம்.

நான் அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் வேறு. 1932ல், தமக்கு 88 வயது ஆனபோது, விடோர் அதே தேவாலயத்தில் அதே ஆர்கனில் தம்முடைய சொந்த உருப்படி ஒன்றை இசைத்தட்டுக்காக வாசித்தார். ஐந்தாவது ஆர்கன் ஸிம்பனியின் கடைசிப் பகுதி அது. டோக்காட்டா என்று பெயர். 1879ல் எழுதியது. இங்கிலாந்தில் கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலை விட்டு வெளியே வரும்போது வழக்கமாக வாசிக்கிற உருப்படி. ஆகையால் சங்கீதத்தில் சிரத்தை இல்லாதவர்களும் அங்கே அதை அறிவார்கள். வலக்கை ஓயாமல் சிறு ஸ்வரங்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். இடக்கை விட்டு விட்டுக் கொட்டும். கால்கள் மிதிக்கிற கட்டைகளில் பெரிய நடையாக முக்கிய மெட்டு வரும்.

இதை இன்று வாசிக்கிறவர்களில் பலர் ஓட்டமாய் ஓடிவிடுகிறார்கள். தங்கள் விரல் எவ்வளவு வேகம் போகும் என்று காட்ட இது நல்ல சந்தர்ப்பம். விடோரோ நிதானமாக வாசிக்கிறார். கிழவருக்குத் தள்ளவில்லை, அதனால் மெதுவாக வாசித்தார் என்று சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டதில் அது சரியல்ல என்று தோன்றியது. தள்ளாமையால் வருகிற மெதுநடை சீராக இராது. இங்கே இழுக்கும், அங்கே தடுக்கும். இந்தத் தட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, நறுக்கிவைத்ததுபோல் நிற்கிறது. அத்துடன் இன்னொரு சாட்சியமும் உண்டு. முதலில் அச்சான பிரதியில் நிமிஷத்துக்கு 118 என்று வேகம் குறித்திருந்தவர், பிற்காலப் பதிப்பில் அதை 100 என்று தாமே குறைத்திருக்கிறார். அந்தக் கோயிலின் எதிரொலியோடு பல வருஷம் பழகியபிறகு செய்த திருத்தம் அது. ஓடினால் எதிரொலி எல்லாவற்றையும் கூழாக்கிவிடும் என்பது அவருக்கு நன்றாய்த் தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்கனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காற்றும் கட்டையும் கொண்ட வாத்தியம் என்ற அளவில் அது நம் ஹார்மோனியத்துக்கு உறவுதான். ஆனால் ஹார்மோனியத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஸான் ஸுல்பீஸ் ஆர்கனை அரிஸ்தீத் கவாயே-கோல் என்ற மகா நிபுணர் 1862ல் கட்டி முடித்தார். 5 வரிசைக் கட்டைகள். சுமார் 100 வகைக் குரல்கள். அங்குள்ள குழாய்களில் மிகப் பெரியது 32 அடி அளவினது. அது எழுப்புகிற ஒலி விநாடிக்கு 16 அதிர்வுதான். காது கேட்பதைவிட உட்கார்ந்திருக்கிற பலகை அதை அதிகமாய் அறியும். குழாயிலிருந்து புறப்பட்ட நாதம் கல்தூண்களிலும் வளைவுகளிலும் மோதி, சற்றுப் பொறுத்துத் திரும்பி வரும். ஆகவே வாத்தியம் எது, கட்டடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட ஒன்றைத் தட்டில் பிடிப்பது எப்படி? 1925 வரையில் ஒலிப்பதிவு செய்ய ஒரு பெரிய ஊதுகுழல்தான் இருந்தது. பாடகர் அதற்குள் தலையை நீட்டாத குறையாக நின்று பாடவேண்டும். ஆர்கனைக் கொண்டுபோய் அதன்முன் நிறுத்துவது நடக்கிற காரியமா? மைக்ரோபோன் வந்தபிறகுதான் வழி பிறந்தது. அப்போதும் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிஷத்துக்குச் சற்று அதிகம்தான் ஓடும். அடியில் 32 அடிக் குழாயின் முழக்கம் அந்தத் தட்டில் ஏறவில்லை, மேலே இரைச்சல். இத்தனை குறைகளோடும் விடோரின் தட்டை நான் ஏன் விலை மதிப்பற்றது என்கிறேன் என்பதை விளக்க, இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒருவர் லூயி வியேர்ன். பிறவியிலேயே ஏறக்குறையப் பார்வை இல்லாதவர். 1900 முதல் நோத்ர தாம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1937 ஜூன் 2ந் தேதி அங்கே கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, ஆர்கனுக்கு முன்னாலேயே சாய்ந்து உயிர் விட்டார். மற்றவர் ஷார்ல் துர்னமிர். செஸார் பிராங்கின் சீடர். குரு வாசித்த ஸாந்த் க்ளோத்தில்த் தேவாலயத்திலேயே பின்னாளில் அந்தப் பதவியை வகித்தவர். இருவரும் கற்பனையாக வாசிப்பதில் பேர் பெற்றவர்கள். எதிரே ஏடு கிடையாது. அந்த நிமிஷத்தில் மனசில் எழுவதுதான். வியேர்ன் 1928ல் அப்படி மூன்று கற்பனைகளைத் தட்டுக்கு வாசித்தார். துர்னமிர் 1930, 31ல் ஐந்து வாசித்தார்.

இருவரிடமும் பாடம் கேட்ட மோரிஸ் துருப்ளே பிற்பாடு ஒரு காரியம் செய்தார். அந்தத் தட்டுக்களைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, இரைச்சலுக்கு நடுவில் ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்கி, எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி அச்சிட்டுவிட்டார். வியேர்னுடையது 1954ல் வந்தது, துர்னமிருடையது 1958ல். துருப்ளே சொந்தமாக எழுதியது மிகச் சொற்பம். ஒரு வரியை எழுதிப் பத்து முறை அடிக்கிற ஜாதி. அப்படிப்பட்டவர் தம் நாட்களை எடுத்துக் குருமார்களின் கைவேலையை எழுதிவைப்பதில் செலவிட்டார் என்றால், இதற்குக் குருபக்தி என்ற நம் வார்த்தையைத் தவிர வேறு பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் செய்தது சரிதானா? இன்று உலகமெங்கும் ஆர்கன் வித்வான்கள் அந்த ஏட்டை வைத்து அந்தக் கற்பனைகளை வாசிக்கிறார்கள். ஒரு வித்வானின் ஆலாபனையை அட்சரம் பிசகாமல் எழுதிவைத்து, மற்றவர்கள் நெட்டுருப் போட்டுப் பாடினால் அது ஆலாபனை ஆகுமா? ஏட்டைப் பார்த்து வாசிக்கிறவருக்கு அடுத்த ஸ்வரம் என்ன என்று தெரியும். துர்னமிருக்குத் தெரியாது. தெரியாமல் அடியெடுத்து வைத்து, வைத்த இடத்தில் தரை இருக்கக் கண்ட சந்தோஷம் பழைய தட்டில் கேட்கிறது. புதிய தட்டுக்களில், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எனக்கு அது கேட்கவில்லை. துருப்ளேக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் அவர் ஏட்டை விட்டுவிட்டு, அவர் எதைக் கேட்டு எழுதினாரோ அதைக் கேட்கிறேன்.

இன்னொரு விசித்திரம். துர்னமிர் 1930ல் தம் குரு பிராங்கின் மூன்றாவது கோராலையும் பதிவு செய்தார். பிராங்க் 1890ல், மரணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய மூன்றில் ஒன்று அது. பதிவான சில வருஷங்களுக்குள், 1933ல், துர்னமிரே அந்த ஆர்கனைப் பெரிதாக்கி மாற்றி அமைக்கச் செய்தார். நோத்ர தாம் ஆர்கனும் வியேர்னுக்குப் பிறகு பல மாறுதல்கள் அடைந்தது. 2019ல் அந்தக் கோயிலே தீப்பிடித்து எரிந்தபோது, தெய்வாதீனமாக ஆர்கன் தப்பியது. குழாய்களைக் கழற்றித் தூசி துடைத்து, 2024 டிசம்பரில் மறுபடியும் ஒலிக்கச் செய்தார்கள். ஆனால் அது வியேர்ன் காதில் விழுந்த குரல் அல்ல. திருக்குறளைப் புகழ்ந்து எழுதியதால் நம்மவர்களுக்குத் தெரிந்த ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் விடோரிடம் ஆர்கன் பயின்றவர். அவர் 1935ல் லண்டனில் ஆல் ஹாலோஸ் என்ற கோயிலில் பாக்கின் உருப்படிகளைப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் கழித்து அந்தக் கோயில் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. கல் போய்விட்டது, அரக்குத் தட்டு இருக்கிறது.

இனி ஆர்கெஸ்ட்ராவுக்கு வருகிறேன். நவீன ஆர்கெஸ்ட்ரா சங்கீதத்துக்கு இசைத்தட்டு செய்த உபகாரம் வேறு தினுசு. ஆர்கனுக்குக் கட்டடம் வேண்டும் என்றால், நவீன சங்கீதத்துக்கு இரண்டாவது தடவை வேண்டும். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் பலி' 1913 மே 29ந் தேதி பாரிஸில் அரங்கேறியபோது சபையில் எழுந்த கூச்சலில் சங்கீதம் காதில் விழவில்லை. 1929ல் இரண்டு பதிவுகள் வெளிவந்தன. ஒன்று ஸ்ட்ராவின்ஸ்கியே நடத்தியது. மற்றது அரங்கேற்றத்தை நடத்திய பியேர் மோந்தே நடத்தியது. கூச்சல் போட்டவர்களும் இப்போது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்கலாம். வெபெர்ன் கதை இதைவிட உருக்கமானது. 1945ல் ஓர் அமெரிக்கச் சிப்பாயின் துப்பாக்கிக் குண்டுக்குத் தவறுதலாக இரையானார். 31 எண்ணிட்ட உருப்படிகள்தான் விட்டுச் சென்றார். 1957ல் ராபர்ட் கிராப்ட் நடத்திய பதிவாக அந்த வாழ்நாள் வேலை முழுவதும் 4 நீள்தட்டுகளில் அடங்கிவிட்டது. சபைகளில் அவரைக் கேட்க வழியில்லாத ஊர்களில் எல்லாம் அந்த 4 தட்டுகள் போய்ச் சேர்ந்தன.

நமக்கு நேர்ச் சம்பந்தம் உள்ளதும் ஒன்று உண்டு. ஒலிவியே மெஸ்ஸியான் எழுதிய 'துரங்கலீலா' ஸிம்பனி 1949 டிசம்பரில் பாஸ்டனில் அரங்கேறியது. 10 பகுதிகள், ஏறக்குறைய ஒண்ணேகால் மணி நேரம். பெயர் மட்டும் அல்ல, உள்ளேயும் நம் சரக்கு இருக்கிறது. சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களின் ஜாபிதாவை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கண்டு, அதிலேயே ஊறிப்போனவர் மெஸ்ஸியான். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் ஏமாற்றம்தான். அவர் தாளத்தைக் கேட்டுக் கற்கவில்லை, படித்துக் கற்றார். ஆவர்த்தம் சுற்றி வந்து சமத்தில் விழுகிற நிம்மதி அவரிடம் கிடையாது. நீளமும் குட்டையுமான காலத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே போகிறார். இதை நான் முதல் தடவையில் அபசாரம் என்று நினைத்தேன். நாலாவது தடவையில், ஏட்டுச் சுரைக்காயிலிருந்தும் ஒருவர் கறி சமைத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டேன். தட்டு இல்லாவிட்டால் அந்த நாலாவது தடவை எனக்கு வந்தே இராது.

இவ்வளவு தூரம் தட்டைப் புகழ்ந்துவிட்டு, ஒரு வழக்கையும் வைக்கவேண்டியிருக்கிறது. ஸான்-ஸான்ஸ் 1886ல் எழுதிய மூன்றாவது ஸிம்பனியில் ஆர்கெஸ்ட்ராவும் ஆர்கனும் சேர்ந்து வருகின்றன. நல்ல ஆர்கன் கோயிலில் இருக்கும். நல்ல ஆர்கெஸ்ட்ரா சபையில் இருக்கும். 1975ல் பாரென்பாய்ம் சிகாகோவில் ஆர்கெஸ்ட்ராவைப் பதிவு செய்தார். ஆர்கன் பகுதியை பிரான்ஸ் தேசத்து ஷார்த்ர் தேவாலயத்தில் காஸ்தோன் லிதேஸ் வாசித்தார். இரண்டையும் பிறகு ஒட்டினார்கள். கராயனும் சில வருஷம் கழித்து பெர்லினையும் நோத்ர தாமையும் அதேபோல் சேர்த்தார். நடுவில் ஒரு சமுத்திரம் இருப்பது தெரியாதபடி ஒட்டிவிட்டார்கள் என்று பலர் மெச்சினார்கள்.

நாவல் எழுதுகிறவன் இதை ஆட்சேபிக்கலாமா? சித்திரையில் எழுதிய அத்தியாயத்தையும் மார்கழியில் எழுதியதையும் ஒட்டித்தானே நானும் புஸ்தகம் போடுகிறேன்! கடைசிப் பகுதியில் ஆர்கன் இடிபோல் நுழையும் இடத்தில் ஷார்த்ர் ஆர்கன் என்னைத் தூக்கிவாரிப் போட்டதும் நிஜம்தான். ஆனால் அந்த ஸிம்பனியின் உயிர் அங்கே இல்லை. மெதுவாகப் போகிற பகுதியில், தந்தி வாத்தியங்களுக்கு அடியில் ஆர்கன் வந்ததே தெரியாமல் வந்து மெத்தை விரிக்கிறதே, அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டும் ஒரே காற்றை மூச்சாக இழுக்கவேண்டும். ஒட்டிய தட்டில் இரண்டு காற்று இருக்கிறது. பால் பாரே டெட்ராய்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, விடோருக்குப் பின் ஸான் ஸுல்பீஸில் அமர்ந்த மார்ஸேல் துப்ரே ஆர்கன் வாசித்து, 1957ல் ஒரே மண்டபத்தில் எடுத்த பதிவு ஒன்று உண்டு. ஆர்கன் ஷார்த்ர் அளவு கம்பீரமானது அல்ல. எனினும் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு வாசிக்கிறார். எனக்கு அது போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு மனிதர், ஓர் இடத்தில், ஒரு நாளில் வாசித்தது என்று தட்டு சத்தியம் செய்யவேண்டும். இரைச்சல் இருக்கட்டும், அடிக்குழாய் கேட்காமல் போகட்டும். வாசகர்களில் யாருக்காவது விருப்பம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் விடோரின் 1932 பதிவைக் கேளுங்கள். கைக்கடக்கமான டெலிபோனிலேயே இன்று அகப்படுகிறது. பிறகு அதே ஸான் ஸுல்பீஸில் பிற்காலத்தில் எடுத்த நல்ல பதிவு ஒன்றைக் கேளுங்கள். அந்த ஆர்கனை அநேகமாகக் கை வைக்காமல் காப்பாற்றி வருகிறார்கள். ஆகையால் கட்டடமும் குழாயும் ஒன்றே. முதல் தட்டில் காணாமற்போன முழக்கம் எல்லாம் இரண்டாவதில் கிடைக்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டு மறுபடியும் கிழவரிடம் திரும்பி வாருங்கள். இரைச்சல் கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். அவசரமே இல்லாமல், 64 வருஷத் தாற்காலிக உத்தியோகஸ்தர் வாசித்துக்கொண்டிருப்பார்.