சரசரக்காத பை

பால் பாக்கெட்டைக் கசக்கினால் சத்தமே வராது. மளிகைக் கடையில் முன்பெல்லாம் தந்த மெல்லிய கேரி பையோ தொட்டாலே சரசரக்கும். இரண்டும் பாலிஎத்திலீன்தான்; பிறந்த விதம் வேறு.

ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில், இருநூறு டிகிரியை ஒட்டிய சூட்டில், எத்திலீன் மூலக்கூறுகள் தறிகெட்ட வேகத்தில் சங்கிலி கோக்கின்றன. அந்த அவசரத்தில் பக்கக் கிளைகள் முளைத்துவிடும். கிளையுள்ள சங்கிலிகள் நெருங்கிப் படுக்காது. கருவேலஞ் சுள்ளிகளைக் கட்டாகக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடர்த்தி 0.92-ஐத் தாண்டுவதே பாடு. ஆனால் பால் பாக்கெட்டின் குழைவு அந்தக் கிளைகளிலிருந்துதான் வருகிறது. சூட்டைக் கூட்டினால் கிளை பெருகும். அழுத்தத்தைக் கூட்டினால் கிளை குறைந்து சங்கிலி நீளும். இரண்டு திருகிலும் கை வைத்துப் பதம் பார்க்கிற வேலை இது.

1953-இல் ஜெர்மனியின் மூல்ஹைமில் கார்ல் ஸீக்ளர், டைட்டானிய வினையூக்கியைக் கொண்டு சாதாரண அழுத்தத்திலேயே கிளையற்ற சங்கிலி கோத்தார். அடர்த்தி 0.95, விறைப்பு, கேரி பையின் சரசரப்பு. நோபல் பரிசும் கிடைத்தது.

எனக்குப் பிரியம் என்னவோ பழைய உயர் அழுத்த முறையின் மேல்தான். 1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் எதிர்பாராமல் கிடைத்தது மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பாலிஎத்திலீன் துணுக்கு. 1935-இல் மறுபடி முயன்றபோது கலன் கசிந்தது. ஈடுகட்ட நிரப்பிய எத்திலீனோடு வந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கிவைத்தது.